இன்னைக்கு நிழல் யாருக்கு?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு மனிதரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

அவர் செய்த குற்றம்? உட்கார்ந்திருந்தார்.

சிரிக்காதீர்கள். மூட்டை தூக்கக் கூலி வாங்குகிற ஆள், பட்டப்பகலில், கன்டெய்னர் நிழலில், பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால் அது குற்றம்தானே? நான் அப்படித்தான் நினைத்தேன். மொபைலில் வீடியோகூட எடுத்துவிட்டேன். ஆதாரம் முக்கியம் பாஸ்!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு இன்ட்ரோ. எம்.பி.ஏ., ஹெச்.ஆர். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. யார்டு பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு அடுத்த மாதமும் சம்பளம் வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிற முந்திரிக்கொட்டை எங்களிடம்தான் இறங்கும். கன்டெய்னர் கதவைத் திறந்தால் உள்ளே கூரை வரைக்கும் மூட்டை. ஒவ்வொன்றும் எண்பது கிலோ. அதை இறக்கி, குடோனுக்குள் கொண்டுபோய், ஒன்றின் மேல் ஒன்றாக அட்டி போடுகிறவர்கள் எங்கள் லோடுமேன்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு கேங். கேங்குக்கு ஒரு மேஸ்திரி. கூலி ஆளுக்கு இவ்வளவு என்று கிடையாது. எத்தனை டன் இறக்கினார்களோ, அதற்கான கூலி மொத்தமாகக் கேங்குக்குப் போகும். அவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள்.

இதில் நான் எங்கே வருகிறேன்? அட்டெண்டன்ஸில்!

நான் சேர்ந்த புதிதில் கேட்டில் ஒரு நோட்டு கிடந்தது. நூலில் கட்டிய பேனா ஒன்று தொங்கும். யார் வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் வாட்ச்மேனின் மூடைப் பொறுத்தது. அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, முகம் பார்க்கிற மெஷினை வாங்க வைத்தவள் நான். முன்னால் போய் நின்றால் போதும். பச்சை லைட் எரியும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் "தேங்க் யூ" என்று சொல்லும். என்ன ஸ்டைல் தெரியுமா!

ஒரே பிரச்சினை. காலையில் எல்லோரையும் அடையாளம் கண்டுகொள்கிற மெஷின், சாயங்காலம் ஒருத்தரையும் கண்டுகொள்ளாது. எட்டு மணி நேரம் முந்திரித் தூசிக்குள் கிடந்த முகத்தைப் பெற்ற தாயே கண்டுபிடிக்க முடியாது, பாவம் மெஷின் என்ன செய்யும்? கேட் பக்கத்தில் ஒரு குழாய் போட்டு, முகம் கழுவிவிட்டு வரச் சொன்னோம். அதுவும் என் ஐடியாதான்.

மெஷினோடு ஒரு ரூலும் போட்டேன். பத்து முகமும் மெஷினில் விழுந்தால்தான் அந்தக் கேங்குக்கு அன்றைக்குக் கன்டெய்னர். ஒன்பது விழுந்தால்? பத்துப் பேரும் வீட்டுக்குப் போகலாம், டாட்டா.

ரூல் வந்த மாதமே அட்டெண்டன்ஸ் ஜிவ்வென்று ஏறியது. மேனேஜர் மீட்டிங்கில் கைதட்டினார். இரண்டு வாரத்துக்கு என் கால் தரையில் படவில்லை.

மேனேஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னைக்காரர். நல்ல மனிதர். முதுகு வலி உண்டு. அதற்காகவே போன வருஷம் வடக்கே இருக்கிற ஹெட் ஆபீஸிலிருந்து அவருக்கு ஒரு நாற்காலி வந்து இறங்கியது. விமான சீட் மாதிரி இருக்கும் — முதுகுக்கு ஒரு லீவர், கழுத்துக்கு ஒரு லீவர். அந்த நாற்காலியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவர்தான் அந்தத் திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"கேங்கைப் பத்துல இருந்து ஒன்பது ஆக்க முடியுமான்னு ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்கம்மா. தலைக்குத் தலை இன்ஷூரன்ஸ், பி.எஃப்., ஷூன்னு செலவு எகிறுது. எந்த கேங்லயாவது சும்மா இருக்கற ஆள் இருக்கானா பாரு. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் குடு."

இது ஒரு வேலையா! சிசிடிவியைத் தட்டினேன். நாலாவது கேங்கில் மாட்டினார் ஒருத்தர். ஒன்பது பேர் எறும்பு மாதிரி போய்ப் போய் வருகிறார்கள். பத்தாவது ஆள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமை ரெக்கார்டிங்கைப் போட்டேன். அதே ஆள். முந்தின வாரம்? அதே ஆள், அதே ஸ்டூல்!

செவ்வாய்க்கிழமை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு யார்டில் இறங்கினேன்.

அந்த ஆள் பெயர் ராயப்பன். நாற்பது வயசு இருக்கும். மடியில் ஒரு கிழிந்த சாக்கு, கையில் கோணி ஊசி, பக்கத்தில் சணல் உருண்டை. இதையெல்லாம் நான் கவனிக்கவே இல்லை. ஸ்டூலை மட்டும்தான் கவனித்தேன். வீடியோ எடுத்துவிட்டுக் கேட்டேன்: "என்னண்ணே, ரெஸ்ட்டா?"

அவர் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார். குடோனுக்குள்ளிருந்து ஒரு அதட்டல் வந்தது.

"நீ உக்காருலே!"

இசக்கி மேஸ்திரி. என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கலாம். தோளில் துண்டு, கையில் மூட்டைக் கொக்கி, வாயில் எந்நேரமும் ஒரு நக்கல்.

"என்ன மேடம், ஏசியில கரண்டு போச்சா? இங்கன காத்து வாங்க வந்திருக்கியளா?"

"ராயப்பண்ணன் ஏன் உக்காந்திருக்காவ?"

"இன்னைக்கு நெழல் அவனுக்கு."

"என்னது?"

"நெழலு மேடம், நெழலு. ஒங்க காலேஜுல சொல்லித் தரலியா?"

மொத்தக் கேங்கும் சிரித்தது. முதுகில் எண்பது கிலோவை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்! எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னைக்கு மட்டுமா? ரெண்டு வாரமா அவியளுக்குத்தான் நெழல். வீடியோ இருக்கு."

"வீடியோவுல அழகா இருக்கானா? அவன் பொண்டாட்டிக்கு அனுப்பிவிடுங்க. மஞ்சக்காமால வந்ததுலேர்ந்து கண்ணாடியே பாக்க மாட்டேங்கான்."

மஞ்சள் காமாலையா? அப்போதுதான் அந்த மனிதரின் கண்களைப் பார்த்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக மஞ்சள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஆனாலும் விடுவேனா?

"அப்போ வீட்டுல இருக்க வேண்டியதுதான? எதுக்கு வேலைக்கு வரணும்?"

இசக்கி சிரிப்பதை நிறுத்தினார்.

"பத்து மொகம் வேணும்லா, மேடம்."

அவ்வளவுதான். அடுத்த மூட்டையில் கொக்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படித்தவளுக்கு எதுவும் புரிய லேட்டாகும். எனக்குப் புரியவில்லை. கோபம் மட்டும்தான் வந்தது. மேலே போய், கீபோர்டு உடைகிற மாதிரி டைப் பண்ணினேன். 'நான்காவது கேங்கில் ஒரு ஆள் உபரி. பெயர்: ராயப்பன்.' அந்த ஒரு வரி மேலே போனால் அந்த மனிதருக்கு வேலை போய்விடும். யோசித்தேனா? இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — துளிகூட யோசிக்கவில்லை.

ரிப்போர்ட்டோடு கொஞ்சம் கணக்கும் இணைத்தால் கெத்தாக இருக்குமே என்று நாலாவது கேங்கின் பழைய விவரங்களை எடுத்தேன். அங்கேதான் இடித்தது.

ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிற கேங் பின்தங்கித்தானே இருக்க வேண்டும்? இவர்கள் கன்டெய்னர் யார்டிலேயே முதலில் காலியாகிறது. மற்ற கேங்குகளில் சாக்கு கிழிந்து கொட்டுகிற முந்திரி அள்ளி மாளாது. இவர்களிடம் சேதாரம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஏன்? கிழிந்த சாக்கை உடனுக்குடன் தைக்க ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாரே!

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மற்ற கேங்குகளில் ஆட்கள் திடீர் திடீரென்று காணாமல் போகிறார்கள். இடுப்புப் பிடித்து ஒருத்தர், காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் ஒருத்தர், குடலிறக்கம் என்று ஒருத்தர். அவர்கள் இடத்துக்குப் புது ஆள் வருகிறார். அவர் கொக்கி பிடிக்கப் பழகுவதற்குள் அடுத்த ஆள் விழுகிறார். நாலாவது கேங்கில் மட்டும் நான் சேர்ந்த நாளிலிருந்து அதே பத்துப் பெயர்.

ரிப்போர்ட்டை டிராஃப்டில் போட்டேன். அனுப்பவில்லை. பழைய விஷயம் ஒன்று வேறு ஞாபகத்துக்கு வந்து குடைந்தது.

போன மழைக்காலம். எங்கள் ஆபீஸில் ஒரு போட்டி — அந்த மூன்று மாதமும் ஒரு நாள்கூட லீவு போடாதவருக்கு பிரஷர் குக்கர். எனக்குக் காய்ச்சல். உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கிறது. ஆனாலும் போனேன். குக்கர் ஆசை! அன்றைக்குத்தான் லோடுமேன்களுக்குக் கூலி ஏற்றுகிற நாள். இரண்டாவது கேங்கின் கூலியை நாலாவது கேங்குக்கும், நாலாவது கேங்கின் கூலியை இரண்டாவது கேங்குக்கும் போட்டுவிட்டேன். அதைச் சரி பண்ண மூன்று நாள் ஆனது. நான் ஒரு நாள் லீவு போட்டிருந்தால் அந்த மூன்று நாளும் மிச்சம். அதற்குள் பக்கத்து டேபிள், எதிர் டேபிள் என்று மொத்த ஆபீஸும் என் காய்ச்சலைப் பங்கு போட்டுக்கொண்டு படுத்துவிட்டது.

அப்போது சண்டைக்கு வருவார் என்று நான் பயந்த இசக்கி, ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "காய்ச்சலோட ஏன் மேடம் வந்திய?"

குக்கர் எனக்குத்தான் கிடைத்தது. அம்மா அதில்தான் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை மத்தியானம், அவர்கள் சாப்பிடுகிற நேரம் பார்த்துப் போனேன். கையில் அரைக் கிலோ மக்ரூன் — முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்கிற தூத்துக்குடி இனிப்பு. எங்கள் ஊரில் வெள்ளைக்கொடி அந்த நிறத்தில்தான் இருக்கும்.

"வீடியோ எடுக்கவா மேடம்? வாயத் தொடச்சிக்கிடுதோம்" என்றார் இசக்கி.

"போதும் அண்ணாச்சி. அந்த நெழல் கதையச் சொல்லுங்க."

பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "கதையெல்லாம் இல்ல. எவனுக்காவது ஒடம்புக்கு முடியலன்னா அவன் தூக்கப்படாது. ஒம்பது பேரு தூக்குவோம். கூலி பத்தாத்தான் பிரியும். அவ்வளவுதான்."

"பொய் சொல்லி எவனாவது உக்காந்துட்டா?"

"எவன் சொல்லுவான்? நாளைக்கு அவனுக்கே நெசமா வரும்லா. ஒரே ஒருத்தன் சொன்னான். இந்தா, இந்த மாரிதான். வயித்து வலின்னுட்டு திருச்செந்தூர் போயிட்டான், மச்சான் வீட்டு மொட்டைக்கு."

மாரி கேங்கிலேயே இளசு. போன வருஷம்தான் கல்யாணம். வாய் நிறைய மக்ரூனோடு, "மொட்டைக்கில்ல, காதுகுத்துக்கு" என்றான்.

"பாத்தியளா, வாக்குமூலத்தத் திருத்துதான். அதுக்குப் பெறவு ஒரு வாரம் மேல் அட்டிக்கு இவந்தான் ஏத்துனான். அதோட வயித்து வலி ஜென்மத்துக்கும் வரல."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கேட்கக்கூடாத கேள்வியை மறுபடி கேட்டேன். "அப்படின்னா ராயப்பண்ணன் வீட்லயே கெடக்கலாம்லா? கூலிதான் வந்துருதே?"

மக்ரூன் பொட்டலம் கை மாறியது. கடைசியில் மாரிதான் சொன்னான்.

"முன்னாடி அப்படித்தான்க்கா. முடியாதவன் வீட்ல கெடப்பான், பங்கு வீட்டுக்குப் போயிரும். ஒங்க மெஷின் வந்த பெறவுதான்… அண்ணன் மொகம் விழலன்னா எங்க பத்து பேருக்கும் கன்டெய்னர் இல்லலா? அதான் பழையகாயல்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வாரான். மொகத்தக் காட்டிட்டு உக்காந்துக்கிடுதான்."

ராயப்பன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல பிள்ள. வீட்ல கெடந்தாலும் போருதான். இங்கன நாலு சாக்காவது தைக்கேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மீட்டிங்கில் வாங்கிய கைதட்டு காதில் கேட்டது. அட்டெண்டன்ஸ் ஏறியதாம். என்ன ஏறியது? காய்ச்சலும் காமாலையும் பஸ் ஏறி வந்திருக்கின்றன, என் மெஷினிடம் ஒரு 'தேங்க் யூ' வாங்கிக்கொண்டு.

இன்னொன்றும் உறைத்தது. உடம்பு சரியில்லாதவனுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுப்பது யாருடைய வேலை? கம்பெனியுடையது. அதை இங்கே கொடுத்துக்கொண்டிருந்தது யார்? மூட்டை தூக்குகிற ஒன்பது பேர். தங்கள் முதுகிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஹெட் ஆபீஸுக்கு இந்த விஷயமே தெரியாது. தெரியாமலேயே லாபம் பார்த்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மேனேஜர், "ரிப்போர்ட் என்னாச்சும்மா?" என்றார். "நாளைக்கு சார்" என்றேன். "சரி, நானே காலைல ஒரு ரவுண்ட் வரேன்" என்று சொல்லிவிட்டார். போச்சுடா!

வெள்ளிக்கிழமை. முந்தின நாள் கொட்டிய மழையில் யார்டு முழுக்கச் சேறு. ஊரெல்லாம் காய்ச்சல். காலையில் கேட் பக்கம் நின்றிருந்தேன். மாரி வந்தான். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. நடை தள்ளாடியது. மெஷின் முன்னால் நின்றான். பச்சை லைட். "தேங்க் யூ."

"மாரி, காய்ச்சலா?"

"இல்லக்கா, ராத்திரி ஒறக்கமில்ல" என்று கண்ணைக் காட்டாமல் போய்விட்டான்.

எனக்குப் பொறி தட்டியது. இருக்கிற நிழல் ஒன்றுதான். அதில் ராயப்பன் உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஆள் உட்கார்ந்தால் ஒன்பது பேர் சமாளிப்பார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் எட்டுப் பேரால் அன்றைய கன்டெய்னரை முடிக்க முடியாது, பத்துப் பேருக்கும் கூலி அடிபடும். அதனால்தான் இந்தப் பயல் வாயைத் திறக்கவில்லை.

பின்னாலேயே ஓடினேன். நான் குடோன் வாசலுக்குப் போவதற்குள் அவன் அட்டியின் உச்சியில் நிற்கிறான். கீழேயிருந்து வந்த மூட்டையில் கொக்கியைப் போட்டு இழுத்தான். இழுத்தவன் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தான்.

"ஏலே இசக்கி, வெலகுலே!"

கத்தியது ராயப்பன். மற்ற ஒன்பது பேருக்கும் கண் மூட்டையில் இருக்கும். உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத்தானே எல்லாம் தெரியும்! இசக்கி துள்ளி விலகினார். அவர் நின்ற இடத்தில் எண்பது கிலோ வந்து விழுந்து வெடித்தது. முந்திரிக்கொட்டை என் ஷூ வரைக்கும் உருண்டு வந்தது.

மேலே மாரி, மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் ஏறி இறக்கினார்கள். தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

இசக்கி ஓங்கிய கையை இறக்கிவிட்டார். "ஏம்லே சொல்லல?"

"அண்ணன் உக்காந்திருக்காம்லா."

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ராயப்பன் ஸ்டூலை விட்டு எழுந்து, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார். "நீ உக்காரு. நான் தூக்குதேன்."

"ஒமக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? டாக்டர் வெயிட் தூக்கக்கூடாதுன்னு சொல்லிருக்காருல்லா. நீரு உக்காரும்."

"எனக்குக் காமால எறங்கிட்டு. ஒனக்கு ஏறிக்கிட்டுல்லா இருக்கு? உக்காருலே."

"நீரு உக்காரும்ங்கேன்!"

இவர் அவனைப் பிடித்து ஸ்டூலில் அமுக்குகிறார். அவன் இவரைப் பிடித்து ஸ்டூலில் அமுக்குகிறான். உலகத்தில் நாற்காலிக்காக எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. உட்காரமாட்டேன் என்று நடந்த சண்டையை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எங்கள் ஊரில். எங்கள் யார்டில்!

"என்ன நடக்குது இங்க?"

மேனேஜர். சேற்றில் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். வெடித்த மூட்டையைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். ராயப்பனைக் காட்டி என்னிடம் திரும்பினார்.

"நான் பாக்கச் சொன்ன சும்மா இருக்கற ஆள் இவந்தானா?"

இசக்கி என்னைப் பார்த்தார். ராயப்பன் தரையைப் பார்த்தார். மேனேஜர் கேட்டதுக்கு 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிராஃப்டில் இருக்கிற ரிப்போர்ட் தானாகவே போய்விடும், ராயப்பனும் போய்விடுவார்.

"இல்ல சார்," என்றேன். "இங்க ரெண்டு பேர் உக்காரணும். ஒரு ஸ்டூல்தான் இருக்கு."

"என்னம்மா விளையாடறியா? உடம்பு சரியில்லன்னா லீவு போடச் சொல்லு!"

"லீவு போட்டா பத்துப் பேருக்கும் கூலி கிடையாது சார். அந்த ரூலைப் போட்டதே நான்தான். தப்பான ரூல். நீங்க கைதட்டினீங்க, அதுவும் தப்பு."

வாய் என்னுடையதுதான், ஆனால் யார் பேசினது என்று எனக்கே தெரியவில்லை. நிறுத்தாமல் கொட்டினேன். யார்டிலேயே முதலில் காலியாவது எந்தக் கேங்கின் கன்டெய்னர்? சேதாரம் இல்லாதது யாரிடம்? ஆள் மாறாதது எங்கே? காலி கன்டெய்னரை லேட்டாகத் திருப்பினால் கப்பல் கம்பெனி வாடகை போட்டுத் தாளிக்கிறதே, இவர்களால் ஒரு தடவையாவது தாளிப்பு வாங்கியிருக்கிறோமா? இப்போது அந்த மூட்டை மேஸ்திரி தலையில் விழுந்திருந்தால்?

சரி, மொத்தமாகப் போய்விடுவோம் என்று கடைசி அஸ்திரத்தையும் எடுத்தேன்.

"சார், உங்களுக்கு முதுகு வலி வந்தப்போ ஹெட் ஆபீஸ்லேர்ந்து நாற்காலி வந்துச்சு. அதுல உக்காந்துக்கிட்டு நல்லாத்தானே வேலை பாக்கீங்க? யாராவது உங்களைச் சும்மா உக்காந்திருக்கிற ஆள்னு சொன்னாங்களா? சம்பளத்தைப் பிடிச்சாங்களா?"

தூரத்தில் ரிவர்ஸ் எடுக்கிற லாரி ஒன்று பீப் பீப் என்றது. என் வேலை போகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் ஒரு கையை மெதுவாக இடுப்புக்குக் கொண்டுபோனார். அவருக்கே தெரியாமல் போயிருக்கும்.

"ரெண்டு பேரையும் கம்பெனி வண்டியில ஆஸ்பத்திரிக்கு அனுப்பு," என்றார். "என்ன பண்ணணும்னு எழுதிக் குடு. ஒரு மாசம் பாப்போம். ஒரு மாசம்தான்!"

எழுதிக் கொடுத்தேன். உடம்பு சரியில்லாதவர் முகம் காட்ட வர வேண்டாம், வீட்டில் இருக்கலாம். ஒன்பது முகம் போதும். இரண்டாவதாக ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் கம்பெனி தன் செலவில் மாற்றாள் அனுப்ப வேண்டும். இசக்கி கேங்குக்கு மட்டும் இல்லை, எல்லாக் கேங்குக்கும். ஹெட் ஆபீஸ் சும்மா விட்டுவிடுமா? ஆளாளுக்கு நிழல் கேட்பான், யார்டில் ஆளே இருக்காது என்று மெயில் மேல் மெயில். நானும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

ஒரு மாதம் முடிந்தது. ஆளாளுக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் நிஜமாகவே முடியாதவர்கள். இரண்டு நாளில் திரும்பி வந்தார்கள். முன்னெல்லாம் அதே காய்ச்சலை இழுத்துக்கொண்டு திரிந்து, பிறகு பத்து நாள் படுத்தவர்கள்! மேனேஜர் ஃபைலில் இன்னும் ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு? பிறகு நானும் அங்கேதானே இருப்பேன், வாயோடு!

மெஷினின் சாஃப்ட்வேரில் இதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. 'சிக் லீவ்' என்று டைப் பண்ணினேன். இசக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "அது யாருக்கு வெளங்கும்?" என்றார். இப்போது எங்கள் கம்ப்யூட்டரில் பிரசென்ட், ஆப்சென்ட் இரண்டுக்கும் நடுவில், தமிழில் ஒரே ஒரு வார்த்தை இருக்கிறது. நிழல். ஹெட் ஆபீஸில் ஒருத்தருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. எனக்கு அதில் இருக்கிற பெருமை இருக்கிறதே… எம்.பி.ஏ. பட்டத்தைக்கூட நான் ஃபிரேம் போடவில்லை. அந்த ஸ்கிரீனை பிரின்ட் எடுத்து என் டேபிளில் ஒட்டியிருக்கிறேன்.

ராயப்பன் இந்தத் திங்கட்கிழமை திரும்பி வந்தார். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. கொக்கியை எடுத்தார், முதல் மூட்டையைத் தானே இறக்கினார். மாரி ஒரு விசில் அடித்தான். ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி ஸ்டூலை வீடியோ எடுத்தேன். ஆதாரம் முக்கியம் பாஸ்.

நேற்றுக் காலையில் எனக்கு லேசாகத் தொண்டை கரகரத்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கிளம்பிப் போய், இருமிக்கொண்டே மெஷின் முன்னால் நின்றேன். பச்சை லைட் எரிந்தது. "தேங்க் யூ" என்றது.

பின்னால் வரிசையில் நின்ற இசக்கி சொன்னார்: "ஏளா, வீட்டுக்குப் போ. இன்னைக்கு நெழல் ஒனக்கு."